வாசமில்லாத பிளாஸ்டிக்

போர்ட் கிள்ளான்
3 மார்ச் 2024

குமுதாவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்றுதான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்துவிட்டேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம்.

போனில் பேசினால் நான் ஒரு கையால் பிளாஸ்டிக்கைக் கலக்கிக்கொண்டே "ஆ, ஆ, சரி லா" என்கிறேனாம். எழுதினால்தான் இரண்டு கையும் ஒரு இடத்தில் இருக்குமாம். இந்தக் காலத்தில் பெண்டாட்டிக்குத் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிறவன் கிள்ளானிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தபால்தலை வாங்கப் போனபோது கவுண்டரில் இருந்த பெண் "அங்கிள், கோர்ட்டுக்கா?" என்று கேட்டாள். இதையும் உன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மூன்று வாரமாக நீ புஷ்பவல்லி அக்கா வீட்டில் இருக்கிறாய். காரணம் கேட்டால் நாற்றம் தாங்க முடியவில்லை என்கிறாய். இரண்டு வருஷமாக நான் இதே சமையலறையில்தான் தூண்டிலுக்கு ரப்பர் மீன் ஊற்றுகிறேன். நீ மூக்கைச் சுளித்தால் நான் ஜன்னலைத் திறப்பேன், காற்றாடியைப் போடுவேன், அதோடு முடிந்தது. திடீரென்று என்ன வந்தது உனக்கு? உண்மையில் நாற்றம் பிளாஸ்டிக்கிலா, என்னிடமா? கோபித்துக்கொள்ளாதே, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பிளாஸ்டிக்தான் என்றால் அதை மாற்றிவிடுகிறேன். இப்போது இருப்பது ரவாங் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் கொடுத்த டின். ஸ்பேனர் கைப்பிடிமேல் பூசுவதற்காகச் செய்த திரவம் அது, தூண்டிலுக்காகச் செய்ததல்ல. ஆறியதும் விறைத்துப் போகிறது. மிருதுவாக்கும் எண்ணெயை ஊற்றி ஊற்றித்தான் மீனின் வாலை ஆடவைக்கிறேன். கொஞ்சம் கூடிப்போனால் சியாக்காப் மீன் ஒரு கடி கடித்ததும் தலை தனி, வால் தனி. சூடு ஏறினால் மஞ்சளாகிறது. வாசம் எப்படி என்று என்னிடம் கேட்காதே. கோவிட் வந்துபோன பிறகு எனக்குப் பெட்ரோலும் மல்லிகையும் ஒன்றுதான், உனக்குத் தெரியாததா?

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கடையில், தூண்டில் மீன் ஊற்றுவதற்கென்றே தயாரித்த திரவம் வந்திருக்கிறதாம். போத்தலிலேயே "குறைந்த வாசம்" என்று போட்டிருக்கிறதாம். நாளைக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே போகிறேன். நீ பெட்டியைக் கட்டி வை.

எழுதுவது வலது கைதான். இடது கை மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இன்னும் உன் புருஷன்தான்,
யுகேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்
8 மார்ச் 2024

என்னங்க,

கடிதம் கிடைத்தது. அக்காதான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தாள். "யாருடி உனக்கு லவ் லெட்டர் போடுறது?" என்று கேட்டு, பின்னால் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு பக்கக் கடிதத்தில் டின்னைப் பற்றி ஒரு பக்கம். எனக்கு உடம்பு எப்படி என்று ஒரு வரி இல்லை.

நாற்றம் பிளாஸ்டிக்கிலா உங்களிடமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எனக்கு உலகமே நாறுகிறது. அக்கா கோப்பி கலக்கினால் பால்கனிக்கு ஓடுகிறேன். கீழே பூக்கடை, சாமந்தி மூட்டையைப் பிரித்தால் குமட்டுகிறது. அக்கா கடையில் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன், புதுத்துணிக் கஞ்சி வாசம்கூட ஒத்துக்கொள்ளவில்லை. ஆகையால் உங்களை மட்டும் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

குறைந்த வாசம் என்று போத்தலில் போட்டிருக்கிறதாம், உடனே ஸ்ரீ கெம்பாங்கானுக்கு ஓடுகிறாராம். மோந்து பார்க்க மூக்கு வேண்டாமா சாமி? யாரை வைத்துச் சோதிப்பீர்கள்?

எனக்கு வேறு ஒரு பயம். அந்த வீட்டில் மூக்கு என்று இருந்தது என்னுடையது ஒன்றுதான். கேஸ் கசிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வேலைக்குப் போகும்முன் அடுப்புத் திருகியைக் கையால் தொட்டுப் பாருங்கள். ஐஸ்பெட்டியில் நான் வைத்துவிட்டு வந்த மீன் குழம்பைக் கொட்டிவிடுங்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்று சாப்பிட்டுத் தொலைக்காதீர்கள். பிளாஸ்டிக் சூடாக்கும் மைக்ரோவேவில் பாலைச் சுட வைக்காதீர்கள், எத்தனை தடவை சொல்வது?

பெட்டியைக் கட்டவில்லை.

குமுதா


போர்ட் கிள்ளான்
14 மார்ச் 2024

குமுதாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

மீன் குழம்பைக் கொட்டிவிட்டேன். கொட்டும்போது பூனைகூட வரவில்லை. நீ சொன்னது நல்லதாகப் போயிற்று.

ஸ்ரீ கெம்பாங்கான் போத்தல் வந்துவிட்டது. பார்க்கப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. முதல் தடவை அவசரத்தில் அப்படியே ஊற்றிச் சூடாக்கிவிட்டேன். ஆறிய பிறகு மீன் நிற்கவே இல்லை, கொழகொழவென்று சரிந்துவிட்டது. கடைக்காரனைத் திட்டலாம் என்று போத்தலைத் தூக்கிப் பார்த்தால், சத்தெல்லாம் தோசை மாவு மாதிரி அடியில் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டுமாம். பொறுமையாக நின்று குலுக்க எனக்கு எங்கே வருகிறது, சொல். பிறகு லோரிக்காரர்கள் கோப்பி குடிக்கும் கடையில் உட்கார்ந்து, கால் ஆட ஆட கையையும் ஆட்டிக் குலுக்கிக்கொண்டே இருந்தேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். அடுத்த ஊற்று அருமை. சூடேறும்போது முதலில் கூழ் மாதிரி கெட்டிப்பட்டு, அப்புறம் கண்ணாடி மாதிரி தெளிகிறது. வால் சும்மா தொட்டாலே ஆடுகிறது.

மூக்குக்கு ஆள் பிடித்தேன். எதிர்வீட்டு வீரம்மா ஆன்டியைக் கூப்பிட்டு அடுப்படியில் நிற்கவைத்து, "ஆன்டி, என்ன வாசம் வருது?" என்று கேட்டேன். இழுத்து மோந்துவிட்டு, "நல்ல சந்தன வாசம் தம்பி" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம்தான் பார்த்தேன், அவர் கையில் ஊதுபத்தி. பூசைக்கு நடுவில் வந்திருக்கிறார். மறுநாள் ஊதுபத்தி இல்லாமல் கூப்பிட்டேன். "கொஞ்சம் டயர் மாதிரி இருக்கு, ஆனா பரவால்ல" என்றார். அந்தப் "பரவால்ல" உனக்குப் போதாது என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு கூத்து. கடையில் வாங்கிய பழைய ரப்பர் மீன்களையும் நான் ஊற்றிய புது மீன்களையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டேன். அடுத்த நாள் திறந்தால் எல்லாம் உருகி ஒரே களி. அது வேறு சாதிப் பிளாஸ்டிக், இதோடு சேராதாம். லோகன் தன் மீன் குளத்தில் காசு கொடுத்துத் தூண்டில் போட வந்தவர்களிடமெல்லாம் டப்பாவைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறான். நண்பன் என்று ஒருவன் இருந்தால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

கவலைப்படாதே. இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது, வெளிநாட்டுச் சரக்கு. வாசமே கிடையாதாம். சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ இல்லாமல் வீட்டில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கிறேன், எழுந்தால் எதையாவது ஊற்றுகிறேன். எப்போது வருகிறாய்?

யுகேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்
19 மார்ச் 2024

என்னங்க,

உட்கார்ந்து படியுங்கள். அடுப்பில் எதுவும் இருந்தால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

நான் முழுகாமல் இருக்கிறேன்.

உங்களைவிட்டுக் கிளம்பிய அன்று எனக்கே தெரியாது. இரண்டு வருஷமாகத் தாங்கிய நாற்றம் அன்றைக்கு ஏன் தாங்கவில்லை என்று எனக்கே புரியவில்லை. உங்கள்மேல்தான் வெறுப்பு வந்துவிட்டதோ என்று பயந்துகொண்டே ரயில் ஏறினேன். இங்கே கோப்பிக்கும் பூவுக்கும் குமட்டியதைப் பார்த்துவிட்டு அக்காதான் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துத் துடிப்பைக் காட்டினார். இந்த மாதத்தில் வாசனை எதுவும் ஒத்துக்கொள்ளாது, அது சகஜம் என்றார். நான் மேசையிலேயே படுத்து அழுதேன். குழந்தைக்காக எவ்வளவு, நாற்றத்துக்கு இதுதான் காரணம் என்று தெரிந்த நிம்மதிக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உடனே ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். போன தடவை ஊரெல்லாம் சொன்னோம். பிறகு ஒவ்வொருவரிடமும் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதை வாயால் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. கடிதத்தில் சொல்வது எளிதாக இருக்கிறது, உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

எனக்கும் வீட்டுக்கு வர ஆசைதான். என் கட்டில், என் தையல் மெஷின், ஜன்னலில் தெரியும் துறைமுக விளக்கு, எல்லாம் வேண்டும். ஆனால் அந்தப் புகைக்குள் இந்தப் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன். என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

குமுதா


போர்ட் கிள்ளான்
22 மார்ச் 2024

என் தங்கமே, குமுதா,

கடிதத்தைப் படித்துவிட்டு வீட்டுக்குள் நடந்தேன், அப்புறம் மாடிப்படியில் ஏறி இறங்கினேன், அப்புறம் வீரம்மா ஆன்டி கதவைத் தட்டி ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சத்தியமாக லோகனிடம்கூடச் சொல்லவில்லை, வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

என்ன செய்யலாம் என்று கேட்டாயே, செய்தே முடித்துவிட்டேன். வெளிநாட்டுப் போத்தல் வந்துவிட்டது. கேள். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனங்களில் ஒரு வகை கர்ப்பிணிகளுக்கு ஆகாது என்று படித்தேன். இதில் அது கிடையாது, போத்தலிலேயே எழுதியிருக்கிறது. சூடாக்கினால் மஞ்சளாவதில்லை. ரொம்ப மிருதுவும் இல்லை, ரொம்ப விறைப்பும் இல்லை, நடு ரகமாகப் பார்த்து எடுத்தேன். லோகன் குளத்தில் போட்டால் சியாக்காப் அப்படியே இழுத்துக்கொண்டு போகிறது, வால் கிழியவில்லை. முக்கியமான விஷயம், வாசம் இல்லை. வீரம்மா ஆன்டி, அவர் மருமகள், கீழ்வீட்டுச் சீனப் பாட்டி, மூன்று பேரையும் நிறுத்திவைத்துக் கேட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது, குமுதா!

மைக்ரோவேவைப் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்துக்கு மாற்றிவிட்டேன். நீ படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டால் நான் ஊற்றுவதே உனக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை லோகன் காரை வாங்கிக்கொண்டு வருகிறேன். தயாராக இரு. இந்தத் தடவை எல்லாம் நல்லபடியாக நடக்கும், பயப்பட ஒன்றுமே இல்லை.

உன்
யுகேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்
27 மார்ச் 2024

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். கடிதம் தாமதமாகிவிடும் என்று லோகன் அண்ணனுக்குப் போன் செய்தும் சொல்லிவிட்டேன்.

"நான் ஊற்றுவதே உனக்குத் தெரியாது." இந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் நல்லதாக நினைத்துத்தான் எழுதியிருக்கிறீர்கள். நாறினால் எழுந்து போய்விடலாம். நாறாததிடமிருந்து நான் எங்கே போவது? வாசம் இல்லை என்றால் புகையும் இல்லை என்று அர்த்தமா? போன தீபாவளிக்கு, இனிமேல் வீட்டுக்குள் ஊற்ற மாட்டேன் என்று சொன்னீர்கள். திரைச்சீலையில் மோந்துதான் பொய் என்று கண்டுபிடித்தேன். இப்போது அதுவும் போய்விட்டது. நீங்கள் தேடிப்பிடித்தது எனக்குத் தெரியாமல் செய்ய ஒரு வழியைத்தான்.

தூண்டில் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ரப்பர் மீன் ஊற்றாதீர்கள் என்றும் சொல்லவில்லை. ஏன் வீட்டுக்குள், ஏன் விடாமல், ஏன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு? அதைத்தான் கேட்கிறேன். உங்களுக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, எனக்கு இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை இல்லாத வயிற்றோடு வந்த அந்த வாரம்தான் நீங்கள் முதல் போத்தலை வாங்கி வந்தீர்கள். நான் படுக்கையறையில் அழுதேன். நீங்கள் சமையலறையில் ஊற்றினீர்கள். அதிலிருந்து இன்றுவரை அந்தப் பிள்ளையைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்தத் தடவை" என்று எழுதுகிறீர்கள், போன தடவை என்று எழுதக்கூட உங்கள் பேனாவுக்கு வரவில்லை.

பெண்கள் இடுகாட்டுக்குப் போகக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் வார்டில் படுத்திருந்தேன். நீங்களும் லோகன் அண்ணனும் போனீர்கள். திரும்பி வந்து, "முடிஞ்சது" என்றீர்கள். என் பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. கேட்டால் நீங்கள் உடைந்துபோவீர்களோ என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

பிளாஸ்டிக் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல் ஒரு கடிதம் எழுதுங்கள். முடியவில்லை என்றால் எழுதவே வேண்டாம். நான் இங்கேயே பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறேன், நீங்கள் ஞாயிறுதோறும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம். கோபத்தில் சொல்லவில்லை. நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

குமுதா


போர்ட் கிள்ளான்
4 ஏப்ரல் 2024

குமுதா,

எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வரியிலேயே அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. இதில் வரவில்லை, வராது.

ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். லோகன் வண்டி ஓட்டினான். பின் சீட்டில் வைக்கச் சொன்னான், நான் வைக்கவில்லை. மடியிலும் வைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். ஃபெடரல் சாலையில் நல்ல நெரிசல். பக்கத்து வண்டியில் ஒரு சின்னப் பிள்ளை ஐஸ் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தது. நான் துணியைக் கொஞ்சம் மூடிக்கொண்டேன்.

முகத்தைப் பார்த்தேன். பார்க்காதே என்று எல்லாரும் சொன்னார்கள். பையன். உன் நெற்றி, குமுதா. அப்படியே உன் நெற்றி.

கிள்ளான் இடுகாட்டில் பின்பக்க மதிலோரம் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. அங்கே ஒரு வேப்பமரம் உண்டு. அதற்கு நேரே இருக்கிறான். குழி வெட்டியவர் "குடுங்கண்ணே" என்று கை நீட்டினார். எனக்குக் கொடுக்க வரவில்லை. அவர் நல்ல மனுஷர், மறுபடி கேட்கவில்லை, ஒதுங்கி நின்றார். நானே குழிக்குள் இறங்கி வைத்தேன். வைத்துவிட்டு ஏறினால், கை இரண்டும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே வளைந்து நிற்கிறது. லோகன்தான் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

ஒரு கனமும் இல்லை அவனுக்கு. ஆனால் கையைச் சும்மா வைத்தால் அந்தக் கனம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதனால் சும்மா வைப்பதில்லை. நீ ஏன் விடாமல் என்று கேட்டாய், அதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். உன்னிடம் சொன்னால் உனக்கும் அந்தக் கனம் வந்துவிடும் என்று நினைத்தேன். உனக்கு முன்பே இருந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. முட்டாள்தான்.

அவனைப் பார்க்க அடிக்கடி போவேன். ஷிப்ட் முடிந்து வரும் வழியில் வண்டியை நிறுத்திப் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவேன். உன்னிடம் ரோட்டில் ஜாம் என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வா என்று நான் இனி கூப்பிடவில்லை. இந்த வீடு பிள்ளைக்கு ஆகிற வீடாக இன்னும் ஆகவில்லை. அக்கா சம்மதித்தால் நான் அங்கே வருகிறேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று நாலு பேர் சிரித்தால் சிரிக்கட்டும். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து துறைமுகத்துக்குக் கொமுட்டர் ரயில் இருக்கிறது, வேலைக்குப் போய் வந்துவிடுவேன். அங்கே என் கைக்கு ஒரு வேலையும் இருக்காது. அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், கத்தாதே.

யுகேந்திரன்


பிரிக்பீல்ட்ஸ்
8 ஏப்ரல் 2024

என்னங்க,

கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. ஆனால் நீங்கள் இங்கே வந்து தங்கலாமா என்று கேட்டுவிட்டேன். "இது என்னடி கேள்வி, வரச் சொல்லு" என்றாள். ஹாலில் மெத்தை போட்டாகிவிட்டது.

என் நெற்றி என்று இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை? கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு அவன் முகம் கொஞ்சம் தெரியும். அது இல்லாமல் இவ்வளவு நாள் இருந்துவிட்டேனே என்று கோபமாக வருகிறது. வந்தவுடன் சண்டை போடுவேன், தயாராக வாருங்கள்.

வேப்பமரம் என்றீர்களே, எனக்கு அங்கே போக வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரி போகக்கூடாது என்று அக்கா தடுப்பாள். சரி, பெற்றுப் பிழைத்த பிறகு போகிறேன். பெண்கள் போகக்கூடாது என்று அப்போது யாராவது சொன்னால் நான் பேசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை புத்தாண்டு. அன்றைக்கே வாங்க. பழம், பலகாரம், எனக்குப் பிடிக்கும் என்று எதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். வெறும் கையோடு வாங்க. நான் பிடித்துக்கொள்கிறேன்.

குமுதா